பட்டு இழைக்கு முன்னால் ஒரு பகரம்

எங்கள் தெருவில் பத்து வீடு தாண்டினால் மொழி மாறிவிடும். முனையில் இருந்த வீடுகளில் தமிழ். அதற்கடுத்துத் தெலுங்கு பேசுகிறவர்கள். எங்கள் வீட்டை ஒட்டிய சுவருக்கு அந்தப்பக்கம் சவுராஷ்டிரம். ஏதாவது வாங்கிவரச் சொல்லிப் பின்தெருவுக்கு அனுப்பினால் அங்கே உருது. பேச்சு எதுவானாலும் வீட்டுக்குள் குழித்தறி ஒன்றுதான். ஆரணியில் 1960களில் பிறந்து நெசவுத் தெருவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. பம்பரம் விடும்போது ஒரு மொழியில் சண்டை போடுவோம், தண்ணீர் குடிக்க நுழைந்த வீட்டில் இன்னொரு மொழியில் திட்டு வாங்குவோம்.

தறிவீட்டில் பேசுகிற விதமே தனி. அப்பா குழியில் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதித்துக்கொண்டிருப்பார். அம்மா ராட்டையில் தார் சுற்றுவாள். அச்சு வந்து அடிக்கிற சத்தத்தில் மெய்யெழுத்துகள் பாதி காதில் விழாது. உயிரெழுத்தை நீட்டித்தான் கூப்பிட வேண்டும். என் பெயரின் நடு எழுத்தை அம்மா இழுக்கிற இழுப்பில் அது கோபமா, சாப்பாட்டு நேரமா என்று தெரிந்துவிடும். பேச்சில் எந்த ஒலி எவ்வளவு தூரம் போகும், எது வழியிலேயே செத்துவிடும் என்பது எங்களுக்குப் பாடமாக வராமல் பழக்கமாக வந்தது.

பக்கத்து வீட்டுச் சவுராஷ்டிரப் பாட்டியிடம் ஒரு கீர்த்தனைப் புத்தகம் இருந்தது. மதுரையில் வாழ்ந்த நடன கோபால நாயகி சுவாமிகள் (1843–1914) தம் தாய்மொழியில் பாடியவை. அச்சிட்டிருந்தது தமிழ் எழுத்தில். ஆனால் க, ச, ட, த, ப எழுத்துகளின் தலைமாட்டில் 2, 3, 4 என்று பொடிப்பொடியாக எண்கள். சில இடங்களில் ம, ந எழுத்துகளை அடுத்து இரண்டு புள்ளிகள். கணக்குப் புத்தகமா, பாட்டுப் புத்தகமா என்று எனக்குக் குழப்பம்.

"பாட்டி, இந்த நம்பர் எதுக்கு?"

"ரெண்டு போட்டிருந்தா காத்து வரணும். மூணு போட்டிருந்தா தொண்டை அதிரணும். நாலு போட்டிருந்தா ரெண்டும் வரணும். ஒண்ணும் போடலைன்னா உங்க வீட்டுல பேசற மாதிரி பேசு."

பாட்டி என் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு சொல்லிக் காட்டினாள். மூன்றாம் எண்ணுக்கு விரல் நுனியில் அதிர்வு தெரிந்தது. இந்த வெடிப்பொலிகளைப் பிறக்குமிடத்தைத் தவிர எப்படி வகைப்படுத்துவது என்றால், குரல்நாண் அதிர்கிறதா, மூச்சு வெடித்து வருகிறதா என்ற இரண்டு கேள்விகள்தான் முதலில் வரும். ஒலியியல் புத்தகங்களும் அதைத்தான் கேட்கின்றன. எழுத்தறிவு கொஞ்சமே உள்ள அந்தப் பாட்டிக்கு அது கைப்பாடமாக இருந்தது.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தபோது கிடைத்தது வேறு மாதிரியான பாடம். தமிழர்கள் ஆங்கிலம் பேசும்போது செய்யும் தவறுகள் என்று ஒரு பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப்போட்டார்கள். ஃபேனைப் பேன் என்கிறார்கள். பஸ்ஸைப் பஸ்ஸு என்று முடிக்கிறார்கள். எக் என்பதை யெக் என்றும் ஒன்லி என்பதை வொன்லி என்றும் தொடங்குகிறார்கள். ஸூ என்றால் ஜூ. இடப்பக்கம் தவறு, வலப்பக்கம் சரி. நாங்கள் எழுதிக்கொண்டோம், மனப்பாடம் செய்தோம், தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கினோம். வகுப்பை விட்டு வெளியே வந்து பஸ்ஸு ஏறினோம். ஏன் அப்படி வருகிறது என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. வாய் சரியில்லாத ஒரு கூட்டத்தில் பிறந்துவிட்டோம் என்ற எண்ணம்தான் அதிலிருந்து எனக்குள் இறங்கியது. நெசவு வீட்டுப் பையனுக்கு அந்த எண்ணத்தை ஊட்டிவிடுவது மிகவும் சுலபம். அதற்காகவே அந்தப் பட்டியலின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

எண்பதுகளின் பிற்பகுதியில், பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்தபடியே, ஹைதராபாத் சீஃபெல்லின் அஞ்சல்வழிப் படிப்பில் சேர்ந்தேன். 1958-ல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கியது. 1972-ல் மற்ற அயல்மொழிகளையும் பெயரில் சேர்த்துக்கொண்டது. 2007-லிருந்து அது ஒரு மத்தியப் பல்கலைக்கழகம். எங்கள் தலைமுறை ஆசிரியர்களுக்கு இன்றும் அது சீஃபெல்தான். பாடங்கள் தபாலில் வரும். நேர்முக வகுப்புக்கு ஹைதராபாத் போகவேண்டும்.

அங்கே மொழி ஆய்வுக்கூடத்தில் ஆளுக்கொரு தடுப்புக்குள் காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்தோம். நாடாவில் ஒரு லண்டன் குரல் ஒரு சொல்லைச் சொல்லும். இடைவெளி விடும். நாம் சொல்லவேண்டும். பிறகு அதே சொல்லை அது மறுபடி சொல்லும். என் இருபுறமும் ஒரு வங்காளியும் ஒரு மலையாளியும். பின்னால் ஒரு பஞ்சாபி. வங்காளிக்கு 'வெரி' என்பது 'பெரி'யாக வந்தது. மலையாளி நண்பருக்கு 'காலேஜ்' 'கோளேஜ்' ஆயிற்று. எனக்கு என் பட்டியல் முழுவதும் வந்தது. வகுப்பெடுத்த ஆசிரியர் யாரையும் திருத்தவில்லை. ஒவ்வொருவர் மொழியிலும் உள்ள மெய்யொலிகளைக் கட்டம் போட்டு எழுதச் சொன்னார். ஆங்கிலத்தின் கட்டத்தைப் பக்கத்தில் வரைந்தார். எந்தக் கட்டம் எங்கே காலியாக இருக்கிறதோ அங்கேதான் நாக்கு வழுக்கியது. நாலு மொழிக்கு நாலு விதமாக வழுக்கியது. எல்லாமே கணக்காக இருந்தது. கல்லூரியில் விடுபட்ட 'ஏன்' எனக்கு அந்தக் கட்டங்களுக்குள் கிடைத்தது.

படிக்கக் கொடுத்தவற்றில் ஆர்.கே. பன்சாலின் ஆய்வும் இருந்தது. இந்தியர்கள் பேசும் ஆங்கிலம் மற்றவர்களுக்கு எவ்வளவு புரிகிறது என்று அளந்து பார்த்து, அந்த நிறுவனத்தின் வெளியீடாகவே 1969-ல் வந்தது. தொடர்ந்து பேசும்போது பிரிட்டிஷ் காதுகளுக்குச் சராசரியாக 70 சதவீதம் அளவுக்கே புரிந்திருக்கிறது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, புரியாமல் போனதற்குச் சொன்ன காரணங்கள். ஃபேனும் ஜூவும் முன்னால் வந்து நிற்கவில்லை. சொல்லுக்குள் அழுத்தம் விழவேண்டிய அசையில் விழாமல் வேறிடத்தில் விழுந்ததுதான் பெரிய இடைஞ்சல். எங்கள் கல்லூரிப் பட்டியலில் அழுத்தம் என்ற சொல்லே கிடையாது.

ஒலிநாடாக்களோடு ஊருக்கு வந்தேன். ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் வரும் பகரம் மூச்சோடு வெடிக்கும் என்றும், அதைச் சோதிக்க வாய்க்கு நேரே மெழுகுவர்த்திச் சுடரையோ மெல்லிய காகிதத்தையோ பிடிக்கலாம் என்றும் பாடத்தில் எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் அதைவிட நல்ல கருவி இருந்தது. மதியம் அப்பா தறியை நிறுத்திச் சாப்பிடப் போன நேரம். தாரிலிருந்து ஒற்றைப் பட்டு இழையைப் பிரித்து, தறிக்கு மேல் இருந்த ஆணியில் கட்டித் தொங்கவிட்டேன். ஜன்னலைச் சாத்தினேன். கூரையிலிருந்து ஒரு கோடாக வெயில் விழுந்த இடத்தில் இழை தெரிந்தது, மற்ற இடத்தில் தெரியவில்லை. அதன் எதிரே உதட்டைக் கொண்டுபோய் 'பட்டு' என்றேன். அசையவில்லை. 'பாவு' என்றேன். 'பல்' என்றேன். இழை நின்ற இடத்தில் நின்றது. நாடாவில் கேட்டபடி 'பின்' என்று மூச்சைத் தள்ளிச் சொன்னதும் இழை துள்ளி விலகிற்று.

பக்கத்து வீட்டு நண்பனைக் கூப்பிட்டேன். பாட்டியின் பேரன். அவன் மொழியில் பகரத்துக்கு இரண்டாம் எண் போட்ட சொல் ஒன்றைச் சொல்லச் சொன்னேன். இழை ஊஞ்சலாடியது. இப்போது ஆங்கிலத்தில் 'பின்' சொல்லு என்றேன். இழை அசையவில்லை. மறுபடி சொன்னான். அசையவில்லை. மூச்சுப் பகரம் அவன் வீட்டில் தாராளமாக இருக்கிறது. இருந்தும் ஆங்கிலத்துக்கு என்று வரும்போது அவன் வாய் அதை எடுக்க மறுத்தது.

அப்பா கை கழுவிக்கொண்டு வந்து நின்றார். "இன்னாடா, ரெண்டு பேரும் இழையப் பாத்து ஊதிக்கினு கீறீங்க?"

அன்று சாயங்காலம் வரை நானும் நண்பனும் அதையே பேசினோம். மூச்சொலி உள்ள இந்தி, வங்காளம், மராத்தி பேசுகிறவர்களும் ஆங்கிலப் பகரத்துக்கு மூச்சு விடுவதில்லை என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. ஒலி கைவசம் இருப்பது போதாது. அந்த இடத்தில் அந்த ஒலி வேண்டும் என்று காது கேட்டாக வேண்டும். எழுத்தில் ஒற்றைப் பகரத்தைப் பார்த்துப் பழகிய காது அதைக் கேட்பதில்லை. விளைவு என்னவென்றால், நாம் ஒழுங்காகக் குரல் அதிராமல் சொல்கிற 'பின்', லண்டன்காரருக்குக் குப்பைத்தொட்டியைக் குறிக்கும் அதிர்வுள்ள 'பின்'னாகக் கேட்கும். அவர் காது அதிர்வைவிட மூச்சை நம்பியே இரண்டையும் பிரிக்கிறது. தொண்டையை அதிரவிடாதே என்று எங்களைத் திருத்திய ஆசிரியர்கள் தவறான இடத்தில் மருந்து தடவிக்கொண்டிருந்தார்கள்.

தமிழில் அதிர்வு வேறு வேலை செய்கிறது. 'பட்டு' என்பதில் பகரம் அதிராது. 'அம்பு' என்பதில் அதிரும். 'கபம்' என்பதில் உதடு சரியாகப் பொருந்தாமலே காற்று கசியும். மூன்றுக்கும் ஒரே எழுத்து. படிக்கிறவர் யாரும் தடுமாறுவதில்லை, ஏனென்றால் எந்த இடத்தில் எப்படி ஒலிக்கும் என்பதை இடமே சொல்லிவிடுகிறது. பல ஒலிக்கு ஒரு எழுத்து வைத்திருப்பது தமிழின் குறை என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். ஹைதராபாத் நூலகத்தில் அது தலைகீழாயிற்று. 1926-ல் பிராக் நகரில் கூடத் தொடங்கிய மொழியியல் வட்டம்தான் வாயில் பிறக்கும் ஒலிக்கும், சொல்லின் பொருளைப் பிரித்துக்காட்டும் அலகான ஒலியனுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு துறையாக வளர்த்தெடுத்தது. அவர்களில் முதன்மையானவரான துருபெட்ஸ்கோய், 1938-ல் இறந்தார். மறு ஆண்டு பிராகில் வெளிவந்த அவருடைய ஒலியனியல் நூலில், ஒரே ஒலியன் இடத்துக்கு இடம் வெவ்வேறு ஒலியாக வருவதற்குத் தமிழை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த ஜே.ஆர். ஃபர்த், 1934-ல் தமிழ் உச்சரிப்பைப் பற்றி ஒரு சுருக்க விளக்கம் எழுதினார். கல்லூரியில் எனக்குக் குறையென்று காட்டப்பட்டதை இவர்கள் ஒழுங்கென்று காட்டியிருந்தார்கள். நூலக மேசையில் அந்தப் பக்கங்களை வைத்துக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்காமல் இருந்தேன்.

அதே அலமாரியில் கமில் சுவெலபிலின் திராவிட ஒப்பியல் ஒலியனியல் (1970) இருந்தது. 1927-ல் பிராகில் பிறந்த செக்காரர். அங்கேயே தமிழ் கற்றுத் தமிழ் கற்பித்தவர். 1968-ல் சோவியத் படைகள் நுழைந்த பிறகு நாட்டைவிட்டு வெளியேறி, கடைசியில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். முருகனின் புன்னகையைத் தலைப்பாக வைத்து அவர் எழுதிய தமிழிலக்கிய நூலைப் பலரும் அறிவார்கள். எனக்குப் பிடித்தது இந்த வறண்ட நூல்தான். தமிழின் பேச்சு வழக்குகளை வட்டாரம் வட்டாரமாகக் காது கொடுத்துக் கேட்ட ஒருவர் எழுதியது என்று ஒவ்வொரு பக்கமும் சொல்லும். செக் மொழியில் நாக்கைத் துடிக்கவிட்டபடியே சீறுகிற ஒரு ரகரம் உண்டு. மற்ற நாட்டார் நாக்குக்கு அது லேசில் படியாது. அப்படிப்பட்ட ஒலியைக் குழந்தையிலிருந்து சொல்லி வளர்ந்தவருக்கு நம் ழகரம் அந்நியமாக இருந்திருக்காது என்று நினைத்துக்கொள்வேன்.

செக்காரர் ஆங்கிலம் படிக்கும்போது என்ன ஆகும் என்று நான் தேடிப் படித்ததற்குக் காரணம் சுவெலபில்தான். என் பாட்டை அவர் பாட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை. செக் மொழியில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில். தமிழிலும் முதல் அசைதான் சற்றுத் தூக்கலாக ஒலிக்கும். ஆகவே ஆங்கிலத்தின் அலையும் அழுத்தத்தில் பிராக் மாணவரும் ஆரணி மாணவரும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்வார்கள். வகரத்தில் ஆங்கிலம் வைத்திருக்கிற இரண்டு விதமும் இருவருக்குமே ஒன்றுதான். ஆனால் சொல்லின் முடிவில் வழி பிரிகிறது. செக் மொழியில் சொல்லிறுதியில் வரும் அதிர்வொலி அதிர்வை இழந்துவிடும். பையைக் குறிக்கும் 'பேக்', முதுகைக் குறிக்கும் 'பேக்' போலவே அவர்கள் வாயில் முடியும். நாமோ இறுதியில் ஒரு உகரம் சேர்த்து 'பேகு' என்போம். சேர்த்ததால் ககரம் இரண்டு உயிருக்கு நடுவே வந்து தன் அதிர்வைக் காப்பாற்றிக்கொள்கிறது. கல்லூரிப் பட்டியலில் குற்றவாளியாக நின்ற அந்த உகரம் இப்படி ஒரு நல்ல காரியமும் செய்கிறது. தமிழிலக்கணத்துக்கு அது புதிதும் இல்லை. வல்லின மெய்யோடு வரும் இறுதி உகரம் அரை மாத்திரையாகக் குறுகும் என்பதைக் குற்றியலுகரம் என்று பெயரிட்டு நம் பிள்ளைகள் பள்ளியிலேயே படிக்கிறார்கள். ஆங்கில வகுப்பு மட்டும் அதைப் படிக்காதது போல நடந்துகொள்கிறது.

இன்னொரு இடத்தில் நமக்கு வாய்ப்பு அதிகம். பல்லுக்கிடையே நாக்கை நீட்டிச் சொல்லும் ஆங்கில ஒலி செக் மொழியிலும் இல்லை, தமிழிலும் இல்லை. அவர்கள் சகரத்தையோ தகரத்தையோ வைத்துச் சமாளிக்கும்போது வேறு சொற்களோடு கலந்துவிடும். நாம் பல்லொலியான தகரத்தை அங்கே வைத்து, ஆங்கில டகரத்துக்கு நாக்கை மடக்கிச் சொல்லும் டகரத்தை வைக்கிறோம். இரண்டுமே ஆங்கிலேயர் சொல்கிற மாதிரி இல்லை. ஆனாலும் 'தின்' வேறு, 'டின்' வேறு என்று கேட்கிறவருக்குத் தெளிவாகப் பிரிந்துவிடும்.

அந்த டகரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கில டகரம் நுனிநா மேல்பல் ஈற்றில் ஒற்றிப் பிறப்பது. அந்த இடம் தமிழுக்குத் தெரியாத இடமில்லை. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் மூன்றாம் இயலான பிறப்பியல், நாக்கின் நுனி மேலே எழுந்து அண்ணத்தை ஒற்றும்போது றகர னகரமும், வருடும்போது ரகர ழகரமும் பிறக்கும் என்று பிரித்துச் சொல்கிறது. ஒற்றுவது, வருடுவது என்ற அந்த இரண்டு வினைகளை இன்றைய ஒலியியல் பாடத்திலும் மாற்ற வேண்டியதில்லை. அந்தப் பழைய றகர ஒற்று எங்கள் வடாற்காட்டில் போய்விட்டது. நேற்று என்பது நேத்து, காற்று என்பது காத்து. யாழ்ப்பாணத்தில் இன்னும் இருக்கிறது. அதனால்தான் ஈழத்தமிழர்கள் கனடா நகரத்தை 'ரொறன்ரோ' என்று எழுதுகிறார்கள். இங்கே சிலர் அதை விநோதமாகப் பார்க்கிறார்கள். அவர்கள் காது சொல்வதை அப்படியே எழுதுகிறார்கள், ஆங்கில ஒலிக்கு நம் 'டொரண்டோ'வைவிட அது கிட்டவும் இருக்கிறது. ஆரணி மாணவனுக்கு ஆங்கில டகரத்தைக் கற்றுக்கொடுக்க நான் லண்டன் வரை போவதில்லை. ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் 'வெற்றி' சொல்வதைக் கேட்கச் சொல்கிறேன்.

ஒலியியல் எதற்கு, பேசினால் போதாதா என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் உறவினர் கதையைச் சொல்வேன். மாமா முறை. நெசவாளர்களுக்குப் பாவும் ஊடையும் கொடுத்துச் சேலையாக வாங்கி வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறவர். ஆரணிப் பட்டுக்கு அப்போதே நல்ல கிராக்கி. காஞ்சிபுரத்தைவிட எடை குறைவு, விலையும் கைக்கு எட்டும். வெளியூர்த் தரகர் ஒருவர் தொலைபேசியில் ஒரு மாதிரியைச் சொல்லி 'ஃபிஃப்டீன்' சேலை கேட்டார். மாமா காதில் 'ஃபிஃப்டி' என்று விழுந்தது. பேசிய இருவரும் தமிழர்கள், எண்ணை மட்டும் ஆங்கிலத்தில் சொல்வது வியாபாரத்தில் ஊறிய பழக்கம். ஐம்பதுக்கும் பட்டு வாங்கி, சாயம் போட்டு, ஜரிகை எடுத்து, தறிகளுக்குப் பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. மிச்சச் சேலைகள் விற்றுத் தீர வெகுகாலம் ஆனது. இரண்டு பக்கமும் கடைசிவரை தாம் சொன்னதும் கேட்டதும் சரிதான் என்றார்கள்.

இருவர் சொன்னதும் உண்மைதான் என்று எனக்குப் படித்த பிறகு புரிந்தது. பேச்சுத் தமிழில் சொல்லின் இறுதியில் வரும் னகர மகர மெய்கள் முழுதாக ஒலிப்பதில்லை. 'நான்', 'அவன்', 'மரம்' எல்லாவற்றிலும் மெய் கரைந்து, முன்னால் உள்ள உயிர் மூக்கில் ஒலிக்கும். அதே வாய் 'ஃபிஃப்டீன்' சொல்லும்போது னகரம் கரைந்து மூக்கொலி சாயலுள்ள 'டீ' நிற்கும். தொலைபேசிக் கம்பியில் அந்த மூக்குச் சாயல் தங்காது. நீட்டத்தையாவது நம்பலாமா என்றால், சொல்லின் கடைசியில் வரும் நெடிலைக் குறுக்குவதும் நம் பேச்சுக்குப் பழக்கம். ஆங்கிலேயருக்கு இந்தத் தொல்லை ஏன் இல்லை? அவர் பதினைந்தைச் சொல்லும்போது இரண்டாம் அசையைத் தூக்குவார், ஐம்பதுக்கு முதல் அசையைத் தூக்குவார். னகரம் காணாமற் போனாலும் அழுத்தம் காட்டிக்கொடுக்கும். நாம் இரண்டுக்குமே முதல் அசையைத் தூக்குகிறோம். மெய்யும் போய், நீட்டமும் போய், அழுத்தமும் ஒன்றானால் கேட்கிறவர் எதைப் பிடித்துக்கொள்வார்? பன்சால் அளந்து சொன்னது எங்கள் மாமா வீட்டுத் திண்ணையில் சேலைக் கட்டுகளாக அடுக்கியிருந்தது.

அழுத்தத்தைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது கடினமான வேலை. தமிழில் அழுத்தத்தை மாற்றினால் சொல் மாறாது, ஆகவே காது அதைத் தேடுவதில்லை. 'ஹோட்டல்', 'போலீஸ்' இரண்டையும் நாம் முதலசை தூக்கித் தமிழாக்கிக்கொண்டோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பின்னசையில் அழுத்தம். தமிழாகிவிட்ட சொல்லைத் தமிழாகவே சொல்லவேண்டும் என்பது என் கட்சி. ஆங்கிலமாகச் சொல்லும்போது மட்டும் இடம் மாற்றுங்கள் என்பேன். கென்னத் பைக் 1945-ல், சில மொழிகள் அசைக்கு அசை ஒரே நேரம் எடுத்து நடக்கின்றன, ஆங்கிலம் போன்றவை அழுத்தத்துக்கு அழுத்தம் நேரத்தை அளந்து நடக்கின்றன என்றார். பின்னால் கருவிகளால் அளந்தவர்கள் பேச்சு அவ்வளவு துல்லியமாக இரண்டாகப் பிரியவில்லை என்றார்கள். இருந்தாலும் வகுப்பறையில் அந்த எண்ணம் பயன்படுகிறது. நாடா போவதும் அச்சு அடிப்பதும் மாறாத சீரில் நடக்கும் தறி போலத்தான் நம் பேச்சும் நடக்கிறது. ஆங்கிலம் பேச, சில அசைகளை அவிழ்த்துத் தளர்த்திவிட வேண்டும். அப்படித் தளர்ந்த அசையில் வரும் மங்கிய உயிரை ஷ்வா என்பார்கள். ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் உயிரொலி அதுதான், அதற்கென்று தனி எழுத்தே கிடையாது.

ஷ்வா நமக்கு வராது என்று பாடநூல்கள் எழுதும். எனக்கு உடன்பாடில்லை. 'தலை' என்பதைத் 'தல' என்றும் 'கடலை' என்பதைக் 'கடல' என்றும் சொல்லும்போது இறுதி உயிர் என்ன ஆகிறது என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்வேன். எழுத்தில் முழு ஐகாரம், வாயில் அதன் தேய்ந்த மிச்சம். ஐகாரக்குறுக்கம் என்று நன்னூலைக் காட்டித் தமிழாசிரியர் போன வாரம்தான் நடத்தியிருப்பார். எழுத்து ஒன்றாகவும் ஒலி அதைவிடக் குறுகியும் இருக்கும் என்ற செய்தி அவர்களுக்குத் தெரிந்ததே. தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு அடுத்த மொழிக்குள் போகும்போது பயம் பாதி குறைந்துவிடுகிறது.

ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் இதற்கெல்லாம் மணிநேரம் ஒதுக்கவேண்டும் என்று கூட்டம் கிடைத்த இடமெல்லாம் சொல்லிவருகிறேன். ஆங்கில ஒலி நாற்பத்து நான்கின் பட்டியலைக் கொடுப்பதற்கு முன்னால், தமிழ் ஒலிகள் வாயில் எங்கே எப்படிப் பிறக்கின்றன என்று ஆசிரியருக்குத் தெரியவேண்டும். வகுப்பில் தெலுங்கு, சவுராஷ்டிரம், உருது பேசும் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் வாய் என்ன செய்கிறது என்று தனியாகத் தெரியவேண்டும். உருதுப் பிள்ளைக்கு ஸூவும் ஃபேனும் பிறவியிலேயே வரும், அவளைத் தமிழர் பட்டியலை வைத்துக்கொண்டு திருத்துவதில் அர்த்தம் இல்லை. அவளை எழுப்பி மற்றவர்களுக்குச் சொல்லித்தரச் சொல்லலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் படிக்க வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் தறிவீட்டுப் பிள்ளைகள். சில பெண்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, பேசி, சேலைக்கு ஆர்டர் எடுக்கிறார்கள். அவர்களுக்கு முதலில் நடத்துவது எண்கள். ஒருத்தி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று பதிமூன்று, முப்பது, பதினைந்து, ஐம்பது என்று ஆங்கிலத்தில் கலந்து சொல்வாள். வாய் தெரியாது, விரல் காட்டக்கூடாது. பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதை நிறுத்தச் சொல்வதில்லை. மற்றவர்கள் காதில் விழுந்த எண்ணை எழுதி, சொன்னவளிடமே காட்டவேண்டும். யார் சொன்னது தவறு என்று நான் தீர்ப்பு சொல்வதில்லை. எழுதிய எண்ணும் சொன்ன எண்ணும் ஒத்துப்போகும் வரை இடத்தை மாற்றிமாற்றி நின்று சொல்லிப் பார்க்கிறார்கள். அதன் பிறகுதான் இழையைக் கட்டித் தொங்கவிட்டுப் பகரத்துக்குப் போகிறோம்.